இந்த வரி யாருடையது? லினக்ஸ் கான்ஃபிக் ஃபைல்களை ஒழுங்கா வச்சுக்கிறது எப்படி

எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கி, வரிசைப்படுத்தியிருக்கோம்.

இன்னிக்கு எபிசோட் கொஞ்சம் டெர்மினல் பக்கம். ஆனா கமாண்ட் மனப்பாடம் பண்ற எபிசோட் கிடையாது, பயப்படாதீங்க.

உங்ககிட்ட ஒரு லினக்ஸ் மெஷின் இருக்குன்னு வச்சுக்குங்க. மாச வாடகைக்கு எடுத்த சின்ன க்ளவுட் சர்வரா இருக்கலாம், ஆபீஸ்ல உங்க தலையில் கட்டின பழைய பெட்டியா இருக்கலாம், வீட்டு அலமாரி மேல உட்கார்ந்திருக்கிற ராஸ்பெர்ரி பையா இருக்கலாம். இன்னிக்கு ராத்திரி அதோட டிஸ்க் போயிடுது. டேட்டாவுக்கு பேக்கப் இருக்கு, அது பத்திரம். ஆனா அந்த மெஷினை நாளைக்குக் காலையில் அதே மாதிரி எழுப்பி நிறுத்த முடியுமா? எந்த ஃபைலில் எந்த வரியை மாத்தினீங்க, எதுக்காக மாத்தினீங்கன்னு சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ரெண்டு வருஷம் முன்னாடி ராத்திரி ஒரு மணிக்கு, எங்கேயோ படிச்சு, ஏதோ ஒரு வரியை மாத்தி, வேலை செஞ்சதும் லேப்டாப்பை மூடிட்டுத் தூங்கப் போயிருப்போம். அதை ஞாபகம் வச்சுக்கிறது மனுஷன் மூளைக்கு வேலை இல்ல. அந்த வேலையை மெஷினே செய்யுற மாதிரி ஃபைல்களை அடுக்கி வைக்கலாம். அதுக்கு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகினா போதும்: இந்த வரி யாருடையது? இன்னிக்கு முழுக்க இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போறோம்.

எட்சி எங்கிருந்து வந்துச்சு?

யூனிக்ஸ் குடும்பத்தில் மெஷின் முழுக்கப் பொருந்துற செட்டிங்ஸ் எல்லாம் /எட்சின்னு ஒரு டைரக்டரியில் இருக்கும். ஈ, டீ, சி, மூணே எழுத்து. நாம "முதலியன"ன்னு எழுதுறோமே, அதுக்கு இங்கிலீஷ் சுருக்கம்தான் அது. பெல் லேப்ஸில் யூனிக்ஸ் உருவான காலத்தில், வேற எந்த டைரக்டரியிலும் சேராததை எல்லாம் போட்டு வைக்கிற இடமா அது இருந்துச்சு. சாவி, பேட்டரி, பழைய ரசீது எல்லாம் கலந்து கிடக்கிற மேஜை டிராயர் எல்லார் வீட்டிலும் ஒண்ணு இருக்குமே, அது மாதிரி. இனிட், மவுன்ட் மாதிரி புரோகிராம்கள்கூட அப்போ /எட்சிக்குள்ளதான் இருந்துச்சு.

லினக்ஸ் வந்த பிறகு ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் ஒவ்வொண்ணை ஒவ்வொரு இடத்தில் வைக்க ஆரம்பிச்சது. அதை ஒழுங்குபடுத்த 1994ல் ஒரு பொது விதித்தொகுப்பு வந்துச்சு. பின்னாடி அதுக்கு ஃபைல்சிஸ்டம் ஹைரார்க்கி ஸ்டாண்டர்டுன்னு பேர் மாறி, சுருக்கமா எஃப்ஹெச்எஸ் ஆச்சு. அதோட 3.0 பதிப்பு 2015ல் வெளியாச்சு. அதில் /எட்சி பத்தி சொல்றது ரெண்டு விஷயம். ஒண்ணு, ரன் பண்ற புரோகிராம் எதுவும் அங்க இருக்கக் கூடாது. ரெண்டு, அங்க இருக்க வேண்டியது இந்த ஒரு மெஷினுக்கே உரிய செட்டிங்ஸ். ரெண்டாவது விஷயத்தை மனசில் வச்சுக்குங்க. உங்க சர்வரில் இருக்கிற புரோகிராம்கள் உலகத்தில் லட்சக்கணக்கான மெஷின்களில் அப்படியே இருக்கு. உங்க மெஷினை உங்க மெஷினா ஆக்குறது, நீங்க மாத்தின அந்தச் சில வரிகள்தான்.

இந்த ஃபைல்கள் கிட்டத்தட்ட எல்லாமே சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள். திறந்து படிக்கலாம், தேடலாம், ரெண்டு காப்பியைப் பக்கத்தில் வச்சு ஒப்பிடலாம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி மாதிரி தனி எடிட்டர் வேண்டாம். இதுக்குக் கொடுக்கிற விலை என்னன்னா, ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி இலக்கணம். /எட்சி/பாஸ்வேர்டு ஃபைலில் ஒரு ஆளுக்கு ஒரு வரி, கோலன் போட்டுப் பிரிச்ச ஏழு பகுதி. டிஸ்க்குகளை எங்க இணைக்கணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைலில் இடைவெளி விட்டுப் பிரிச்ச ஆறு பகுதி. எஸ்எஸ்ஹெச் ஃபைலில் ஒரு சொல், பக்கத்தில் அதோட மதிப்பு. மேக்புக் வச்சிருக்கிறவங்களும் டெர்மினலைத் திறந்து பாருங்க, அங்கேயும் /எட்சி இருக்கும். அது /பிரைவேட்/எட்சிக்குப் போற ஒரு லிங்க், அவ்வளவுதான்.

ஒரே ஃபைல், மூணு பேர்

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். /எட்சிக்குள்ள இருக்கிற ஒரு ஃபைலை யார் யார் எழுதுறாங்க? மூணு பேர்.

முதல் ஆள், பேக்கேஜ் தயாரிச்சவர். நீங்க ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்றப்போ, டிஃபால்ட் மதிப்புகள் எல்லாம் நிரப்பி ஒரு ஃபைலைக் கூடவே அனுப்புறார். ரெண்டாவது ஆள், நீங்க. அந்த ஃபைலைத் திறந்து ரெண்டு வரி மாத்துறீங்க. இப்போ அந்த ஒரே ஃபைலுக்கு ரெண்டு பேர் சொந்தக்காரங்க. கேட்கவே வேண்டாம், கூட்டுச் சொத்து மாதிரிதான். சண்டை எப்போ வரும்? அப்டேட் அன்னிக்கு.

டெபியன், உபுண்டு மெஷின்களில் இது எப்படி நடக்குதுன்னு பாருங்க. நீங்க ஃபைலைத் தொடவே இல்லைன்னா, புது ஃபைல் சத்தமில்லாம வந்து உட்காரும். நீங்க மாத்தியிருக்கீங்க, ஆனா பேக்கேஜ் பக்கம் எந்த மாற்றமும் இல்லைன்னா, உங்க ஃபைல் அப்படியே இருக்கும். ரெண்டு பேரும் மாத்தியிருந்தாத்தான் டிபிகேஜி நடுவில் நிறுத்தி, "உங்களுடையதை வச்சுக்கவா, புதுசைப் போடவா?"ன்னு கேட்கும். சும்மா என்டர் தட்டினா உங்களுடையது அப்படியே இருக்கும், புதுசு பக்கத்தில் டாட் டிபிகேஜி-டிஸ்ட்னு ஒரு பேரில் உட்காரும். ஃபெடோரா குடும்பத்தில் டாட் ஆர்பிஎம்நியூ, ஆர்ச்சில் டாட் பேக்நியூ. பேர்தான் வேற, கதை ஒண்ணுதான்.

நாம எல்லாருமே பண்றது என்ன? என்டர் தட்டிட்டுப் போயிடுவோம். அந்தப் புது ஃபைலில் ஒரு பாதுகாப்புச் செட்டிங் மாறியிருக்கலாம், பழைய ஆப்ஷன் ஒண்ணை நீக்கியிருக்கலாம். நமக்குத் தெரியாது. சில வருஷம் கழிச்சுப் பார்த்தா, சாஃப்ட்வேர் புதுசா இருக்கும், கான்ஃபிக் மட்டும் பழைய காலத்திலேயே நின்னுட்டிருக்கும்.

மூணாவது ஆளைத்தான் நிறைய பேர் மறந்துடுறோம். அது மெஷினே. நெட்வொர்க் மேனேஜர், க்ளவுட்-இனிட், சிஸ்டம்டி-ரிசால்வ்டி மாதிரி புரோகிராம்கள் தாங்களாவே கான்ஃபிக் ஃபைல்களை எழுதும். இதுக்குப் பிரபலமான உதாரணம், டிஎன்எஸ் சர்வர் முகவரி இருக்கிற /எட்சி/ரிசால்வ்.கான்ஃப். கடைசி ஈ எழுத்து இல்லாம எழுதுவாங்களே, அதே ஃபைல். அதில் டிஎன்எஸ் முகவரியை மாத்துறீங்க, வேலை செய்யுது, சந்தோஷம். ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி ஆயிடுது. திரும்ப மாத்துறீங்க, திரும்பப் போயிடுது. பேய் ஒண்ணும் இல்ல. உபுண்டுவில் அது நிஜ ஃபைலே கிடையாது. மெஷின் எழும்போதெல்லாம் புதுசா உருவாகிற /ரன் டைரக்டரிக்குள்ள இருக்கிற ஒரு ஃபைலுக்குப் போற லிங்க். அதாவது அந்த வரி உங்களுடையதே இல்ல, ரிசால்வ்டியுடையது. உங்க விருப்பத்தை ரிசால்வ்டியோட கான்ஃபிக்கில் சொன்னாத்தான் அது நிற்கும்.

அதனால எந்த ஃபைலையும் எடிட் பண்றதுக்கு முன்னாடி முதல் பத்து வரியைப் படிங்க. "கையால் எடிட் பண்ணாதீர்கள்"னு எழுதியிருந்தா, அது சும்மா மிரட்டல் கிடையாது. இந்த ஃபைலுக்கு வேற சொந்தக்காரர் இருக்கார்னு அர்த்தம்.

சுவரில் ஆணி அடிக்காம இருக்க

சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஹவுஸ் ஓனர் முதல் நாளே சொல்லிடுவார், "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது." ஆனா காலண்டர் மாட்டணுமே? நல்ல ஓனரா இருந்தா, அவரே நாலு இடத்தில் கொக்கி அடிச்சுக் கொடுத்திருப்பார். நம்ம சாமானை அதில் மாட்டிக்கலாம். காலி பண்ணும்போது நம்மளுடையதை மட்டும் கழட்டிட்டுப் போகலாம், சுவரும் சுவராவே இருக்கும்.

லினக்ஸில் அந்தக் கொக்கிக்குப் பேர் டாட் டி டைரக்டரி. /எட்சிக்குள்ள போய் லிஸ்ட் எடுத்துப் பாருங்க. சூடோயர்ஸ் டாட் டி, கிரான் டாட் டி, சிஸ்சிடிஎல் டாட் டின்னு டி-யில் முடியுற டைரக்டரி வரிசையா இருக்கும். ஐடியா ரொம்ப எளிமை: பேக்கேஜோட பெரிய ஃபைலைத் தொடாதீங்க, உங்க ரெண்டு வரியை மட்டும் தனி ஃபைலா எழுதி இந்த டைரக்டரியில் போடுங்க, புரோகிராம் ரெண்டையும் சேர்த்துப் படிச்சுக்கும்.

ஒரு உதாரணம். ராம் நிரம்பும்போது லினக்ஸ் எந்த அளவுக்கு டிஸ்க்கில் இருக்கிற ஸ்வாப்பைப் பயன்படுத்தும்னு முடிவு பண்ற ஒரு எண் இருக்கு, ஸ்வாப்பினஸ்னு பேர். டிஃபால்ட் 60. நீங்க 10 ஆக்கணும்னு நினைக்கிறீங்க. சிஸ்சிடிஎல் டாட் டி டைரக்டரியில் "90-ஸ்வாப் டாட் கான்ஃப்"னு ஒரு ஃபைல், உள்ள அந்த ஒரே வரி. முடிஞ்சது. அப்டேட் அன்னிக்கு யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டாங்க. வேண்டாம்னா அந்த ஃபைலை டெலீட் பண்ணிட்டா டிஃபால்ட் திரும்ப வந்துடும். அதை விட முக்கியம், ஆறு மாசம் கழிச்சு "இந்த மெஷினில் நான் என்ன மாத்தினேன்?"னு கேட்டா, அந்த டைரக்டரியே பதில் சொல்லும்.

சிஸ்டம்டி இந்தப் பிரிவினையை இன்னும் தெளிவா வச்சிருக்கு. பேக்கேஜ் தயாரிச்சவருக்கு /யூஎஸ்ஆர்/லிப், மெஷின் தற்காலிகமா எழுத /ரன், உங்களுக்கு /எட்சி. அதே பேரில் மூணு இடத்திலும் ஃபைல் இருந்தா /எட்சியில் இருக்கிறதுதான் செல்லும். மூணு ஆளுக்கு மூணு வீடு. சிஸ்டம்சிடிஎல் எடிட்னு ஒரு கமாண்ட் இருக்கு. பக்கத்தில் சர்வீஸ் பேரைக் கொடுத்தா, உங்க வரிகளுக்கு மட்டும் தனி ஃபைலை சரியான டைரக்டரியில் தானே உருவாக்கிக் கொடுக்கும். ஒரிஜினல் ஃபைலை முழுசா /எட்சிக்குக் காப்பி பண்ணி எடிட் பண்றதும் வேலை செய்யும். ஆனா நாளைக்கு பேக்கேஜ்காரர் ஒரிஜினலில் பண்ற திருத்தம் எதுவும் உங்களுக்கு வந்து சேராது.

இது சிஸ்டம்டி கண்டுபிடிச்ச ஐடியா ஒண்ணும் கிடையாது. ஃப்ரீபிஎஸ்டியில் டிஃபால்ட் எல்லாம் /எட்சி/டிஃபால்ட்ஸ் டைரக்டரியில் ஒரு ஆர்சி டாட் கான்ஃப்பா இருக்கும். அதைத் தொடக் கூடாது. நீங்க மாத்துறது எல்லாம் வெளியே இருக்கிற /எட்சி/ஆர்சி டாட் கான்ஃப்பில். பெரும்பாலும் சின்ன ஃபைல், அதைப் படிச்சாலே அந்த மெஷின் என்ன வேலை செய்யுதுன்னு புரிஞ்சுடும். நீங்களா இன்ஸ்டால் பண்ற சாஃப்ட்வேர்களோட கான்ஃபிக் அதிலும் சேராம, /யூஎஸ்ஆர்/லோக்கல்/எட்சிக்குப் போயிடும்.

ரெண்டு ஃபைலும் முரண்பட்டா?

இங்கதான் கவனம் வேணும். ஒரே செட்டிங்கை ரெண்டு ஃபைலும் வேற வேற மாதிரி சொன்னா எது ஜெயிக்கும்? ஃபைல் பேருக்கு முன்னாடி 10, 50, 90ன்னு எண் போடுறது இதுக்காகத்தான். பேர் வரிசைப்படி ஃபைல்களைப் படிப்பாங்க. சிஸ்சிடிஎல்லில் கடைசியா சொன்னதுதான் செல்லும். அதனால 90 போட்ட உங்க ஃபைல், 50 போட்டதை ஜெயிக்கும்.

எஸ்எஸ்ஹெச் சர்வரில் இது அப்படியே தலைகீழ். அங்க முதல்ல சொன்னதுதான் செல்லும், பின்னாடி யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காது.

இது சும்மா தகவல் கிடையாது. இதனால வீட்டுக் கதவு திறந்து கிடக்கலாம். எப்படின்னு சொல்றேன். க்ளவுட் சர்வர் எடுத்த முதல் நாளே எல்லாரும் பண்ற வேலை, பாஸ்வேர்டு லாகினை மூடிட்டு கீ மட்டும் வச்சுக்கிறது. ஏன்னா இன்டர்நெட்டில் திறந்திருக்கிற எந்த எஸ்எஸ்ஹெச் போர்ட்டையும் பாட்கள் பாஸ்வேர்டு போட்டுப் போட்டுத் தட்டிக்கிட்டே இருக்கும். சரி, /எட்சி/எஸ்எஸ்ஹெச் டைரக்டரியில் இருக்கிற மெயின் ஃபைலைத் திறந்து, பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் "நோ"ன்னு மாத்தி, சர்வீஸை ரீஸ்டார்ட் பண்றீங்க. எர்ரர் இல்ல. கீ போட்டு உள்ள வர முடியுது. வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறீங்க.

ஆனா ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.2 பதிப்பு 2020ல் வந்தப்போ, வேற ஃபைல்களை உள்ள இழுக்கிற இன்க்ளூட் வசதி அதில் சேர்ந்துச்சு. உபுண்டு மாதிரி டிஸ்ட்ரோக்கள் அந்த வரியை மெயின் ஃபைலோட தலையிலேயே வச்சிருக்காங்க. அதாவது டாட் டி டைரக்டரியில் இருக்கிறதை எல்லாம் முதல்ல படிச்சுட்டுத்தான் கீழ வரும். சில க்ளவுட் சர்வர்களில் க்ளவுட்-இனிட் அந்த டைரக்டரியில் "50-க்ளவுட்-இனிட் டாட் கான்ஃப்"னு ஒரு ஃபைலை வச்சு, உள்ள பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் "யெஸ்"னு எழுதியிருக்கும். முதல்ல சொன்னது செல்லும். "யெஸ்" ஜெயிச்சாச்சு. நீங்க கீழ எழுதின "நோ" வெறும் அலங்காரம். பாஸ்வேர்டு கதவு திறந்தே இருக்கு, பூட்டிட்டோம்னு நினைச்சு நீங்க நிம்மதியா தூங்குறீங்க.

சரியான வழி, அதே டைரக்டரியில் 10-ல் ஆரம்பிக்கிற பேரில் உங்க ஃபைலை வைக்கிறது. அது 50க்கு முன்னாடி வரும், அதனால அது செல்லும்.

இன்னொரு பொறி, ஃபைல் பேர். சிஸ்சிடிஎல் டாட் டி டைரக்டரியில் பேர் டாட் கான்ஃப்னு முடியலைன்னா படிக்காது. சூடோயர்ஸ் டாட் டி-யில் நேர் எதிர். பேரில் எங்கேயாவது ஒரு புள்ளி இருந்தாலே அந்த ஃபைலைத் தாண்டிப் போயிடும். எர்ரர் எதுவும் காட்டாது.

இத்தனை விதியையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். ஃபைலில் என்ன எழுதியிருக்குன்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க, புரோகிராம் என்ன புரிஞ்சுக்கிச்சுன்னு அதுகிட்டயே கேளுங்க. எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் கேப்பிட்டல் டி-ன்னு ரூட்டா அடிச்சா, எல்லா ஃபைலையும் படிச்சு முடிச்ச பிறகு கடைசியா எந்த மதிப்பு செல்லுதுன்னு முழு லிஸ்ட் கொடுக்கும். சிஸ்டம்சிடிஎல் கேட்னு அடிச்சா, ஒரு சர்வீஸோட ஒரிஜினல் ஃபைலையும் நீங்க மேல போட்டதையும் வரிசையா, எது எங்கிருந்து வந்துச்சுன்னு காட்டும். சிஸ்டம்டி-டெல்டா மெஷின் முழுக்க எங்கெங்க மாத்தியிருக்கீங்கன்னு காட்டும். சூடோ விதிகளை விசூடோ கமாண்ட் வழியா மட்டும் எடிட் பண்ணுங்க. சேவ் பண்றதுக்கு முன்னாடி இலக்கணம் சரியான்னு பார்த்துடும். எஸ்எஸ்ஹெச் செட்டிங் மாத்தும்போது இருக்கிற கனெக்‌ஷனை மூடாதீங்க. இன்னொரு டெர்மினலைத் திறந்து லாகின் ஆகுதான்னு பார்த்த பிறகு மூடுங்க.

புள்ளி வச்ச ஃபைல்கள்

இதுவரைக்கும் மெஷினோட செட்டிங்ஸ். இனி ஒரு தனி ஆளோட செட்டிங்ஸ். உங்க ஹோம் டைரக்டரியில் மறைஞ்சிருக்கிற ஃபைல்களையும் காட்டச் சொல்லி லிஸ்ட் எடுத்தா, புள்ளியில் ஆரம்பிக்கிற பேர்களா கொட்டும். டாட் பாஷ்ஆர்சி, டாட் விம்ஆர்சி, டாட் கிட்கான்ஃபிக். இதைத்தான் டாட்ஃபைல்ஸ்னு சொல்றாங்க.

புள்ளி வச்சா ஏன் மறையுது? பெல் லேப்ஸ் யூனிக்ஸ் குழுவில் இருந்தவரும், கோ மொழியை உருவாக்கினவர்களில் ஒருவருமான ராப் பைக் 2012ல் கூகுள் பிளஸ்ஸில் இந்தக் கதையை எழுதினார். எல்எஸ் கமாண்ட், ஒத்தைப் புள்ளி, ரெட்டைப் புள்ளின்னு இருக்கிற ரெண்டு சிறப்பு டைரக்டரி பேர்களை லிஸ்ட்டில் காட்டக் கூடாதுன்னு நினைச்சாங்க. பேர் முழுசையும் சரிபார்க்காம, முதல் எழுத்து புள்ளியான்னு மட்டும் பார்த்தாங்க. அந்தக் குறுக்கு வழியால புள்ளியில் ஆரம்பிக்கிற எல்லா ஃபைலும் மறைஞ்சுடுச்சு. அப்புறம் ஒவ்வொரு புரோகிராமும் தன் கான்ஃபிக்கை அங்க ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சது. ஹோம் டைரக்டரி முழுக்கக் குப்பை சேர்ந்தது இப்படித்தான்.

இதுக்குப் பதிலா வந்ததுதான் எக்ஸ்டிஜி பேஸ் டைரக்டரி விதி. அதுவும் நம்ம கேள்வியோட இன்னொரு வடிவம்தான். நீங்க தேர்ந்தெடுத்த செட்டிங் எல்லாம் டாட் கான்ஃபிக் டைரக்டரிக்கு. புரோகிராம் சேர்த்து வைக்கிற டேட்டா டாட் லோக்கல்/ஷேருக்கு. தொலைஞ்சாலும் திரும்ப உருவாக்கிக்கக்கூடியது டாட் கேஷுக்கு. பேக்கப் எடுக்கும்போது இதோட அருமை தெரியும். கேஷை விட்டுடலாம். கான்ஃபிக் டைரக்டரியைக் கண்டிப்பா எடுக்கணும்.

டாட்ஃபைல்ஸை நிறைய பேர் கிட்டில் போட்டு வச்சுக்கிறாங்க. எல்லா ஃபைலும் ஒரே டைரக்டரியில் இருக்கும், குனூ ஸ்டோ மாதிரி ஒரு கருவி அவற்றுக்கு உரிய இடத்திலிருந்து லிங்க் போட்டுக் கொடுக்கும். புது லேப்டாப் வாங்கினா அரை மணி நேரத்தில் பழைய வசதி எல்லாம் திரும்ப வந்துடும். ஒரே எச்சரிக்கை, எஸ்எஸ்ஹெச் பிரைவேட் கீ, ஏபிஐ டோக்கன், பாஸ்வேர்டு எதுவும் அந்த ரெப்போவில் போகக் கூடாது. ஒரு தடவை கமிட் ஆயிட்டா, அடுத்த கமிட்டில் அழிச்சாலும் வரலாற்றில் இருக்கும்.

"ஏன்"ன்னு எழுதி வைக்கிறது

இப்போ உங்க வரிகள் எல்லாம் தனியா இருக்கு. அடுத்தது, எப்போ, ஏன் மாத்தினீங்கன்னு பதிவு இருக்கணும்.

நம்ம ஊர் வழக்கமான பதிவு முறை என்ன? டாட் பேக், டாட் ஓல்டு, டாட் ஓல்டு2, "ஃபைனல்". சிரிக்காதீங்க, எல்லா சர்வரிலும் இருக்கு. இதில் ஆபத்தும் இருக்கு. டெபியன், உபுண்டு என்ஜின்எக்ஸில் சைட்ஸ்-எனேபிள்டுன்னு ஒரு டைரக்டரி இருக்கு. அதுக்குள்ள இருக்கிற ஃபைலை எல்லாம் பேர் பார்க்காம உள்ள இழுத்துக்கும். நீங்க பேக்கப்னு அங்கேயே ஒரு காப்பி எடுத்து வச்சா, அதுவும் உயிருள்ள கான்ஃபிக் ஆயிடும்.

இதுக்கு எட்சிகீப்பர்னு ஒரு கருவி இருக்கு, ஜோயி ஹெஸ் எழுதினது. /எட்சி முழுசையும் ஒரு கிட் ரெப்போவா மாத்திடும். நீங்க பேக்கேஜ் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தானா கமிட் பண்ணும். கிட் தனியா கவனிக்காத ஃபைல் உரிமை, அனுமதி விவரங்களையும் சேர்த்துக் குறிச்சு வச்சுக்கும். நேத்து அப்டேட்டுக்குப் பிறகு ஏதோ உடைஞ்சதா? நேத்து எந்தெந்த வரி மாறுச்சுன்னு ஒரே கமாண்டில் பார்த்துடலாம். பாஸ்வேர்டு ஹாஷ் இருக்கிற ஷேடோ ஃபைலும் அதுக்குள்ள வரும், அதனால அந்த ரெப்போவை மெஷினை விட்டு வெளிய அனுப்பினா யார் கைக்குப் போகுதுன்னு பார்த்து அனுப்புங்க.

கமிட் மெசேஜிலும், ஃபைலுக்குள்ள கமெண்ட்டிலும், என்ன மாத்தினேன்னு எழுத வேண்டாம். அது வரியைப் பார்த்தாலே தெரியும். ஏன் மாத்தினேன்னு எழுதுங்க. "இந்த மெஷினில் ராம் கம்மி, டேட்டாபேஸ் ஸ்வாப்புக்குப் போனா சைட் தொங்குது, அதனால 10" அப்படின்னு ஒரு வரி போதும். காரணம் தெரியாத வரியை யாரும் தைரியமா நீக்க மாட்டாங்க. /எட்சி/பாஸ்வேர்டு ஃபைலில் அஞ்சாவது பகுதிக்கு இன்னிக்கும் ஜீகாஸ்னுதான் பேர். பெல் லேப்ஸில் பிரின்ட் வேலைகளை ஜீகாஸ்னு ஒரு வேற சிஸ்டத்துக்கு அனுப்ப அந்த இடத்தைப் பயன்படுத்தினாங்க. அந்த சிஸ்டம் போய்ப் பல வருஷம் ஆச்சு, பேர் மட்டும் உங்க லேப்டாப் வரைக்கும் வந்து நிற்குது.

மெஷின்கள் அதிகமானா இன்னொரு படி மேல போகலாம். ஒவ்வொரு மெஷினிலும் போய் எடிட் பண்றதை விட்டுட்டு, "இந்த மெஷின் எப்படி இருக்கணும்"னு ஒரே இடத்தில் எழுதி, ஒரு கருவியை விட்டு எல்லா மெஷினையும் அப்படி ஆக்கச் சொல்றது. 1993ல் நார்வேயில் மார்க் பர்ஜெஸ் எழுதின சிஎஃப்எஞ்சின் இந்த வழியில் முன்னோடி. 2012ல் வந்த ஆன்சிபிள் இன்னிக்குப் பல ஆபீஸ்களில் ஓடுது. நிக்ஸ்ஓஎஸ் இன்னும் தூரம் போகுது. கான்ஃபிகரேஷன் டாட் நிக்ஸ்னு ஒரு ஃபைலை வச்சு மெஷின் முழுசையும் கட்டி எழுப்பும், பிடிக்கலைன்னா பூட் மெனுவிலேயே பழைய நிலையைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிப் போகலாம். ஆனா ஒரே ஒரு சர்வர் வச்சிருக்கிறவங்களுக்கு டாட் டி டைரக்டரியும் கிட்டும் தாராளமா போதும்.

இந்த வாரம் என்ன பண்ணலாம்?

எல்லாத்தையும் ஒரே நாளில் மாத்த வேண்டாம். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் போதும்.

முதல்ல எட்சிகீப்பர் போடுங்க. இப்போ இருக்கிற நிலை, எவ்வளவு அலங்கோலமா இருந்தாலும், முதல் கமிட் ஆகட்டும்.

ரெண்டாவது, நீங்க ஏற்கெனவே மாத்தினது எதெதுன்னு கண்டுபிடிங்க. டெபியன் குடும்பத்தில் டெப்சம்ஸ்னு ஒரு பேக்கேஜ் இருக்கு. மைனஸ் சிஈ ஆப்ஷன் கொடுத்தா, பேக்கேஜோட ஒரிஜினலிலிருந்து மாறியிருக்கிற கான்ஃபிக் ஃபைல்களை மட்டும் லிஸ்ட் போடும். ஆர்பிஎம் குடும்பத்தில் ஆர்பிஎம் மைனஸ் விஏ. அந்த லிஸ்ட்தான் உங்க மெஷினோட ரகசியம் முழுசும்.

மூணாவது, அந்த லிஸ்ட்டில் ஒவ்வொண்ணா எடுத்து, டாட் டி டைரக்டரிக்கு நகர்த்த முடியுறதை நகர்த்துங்க. ஒவ்வொண்ணுக்கும் "ஏன்"ன்னு ஒரு கமெண்ட். காரணம் ஞாபகம் வராத வரிகள் கண்டிப்பா இருக்கும். அதுக்கு மேல "காரணம் தெரியவில்லை"ன்னு எழுதி வைங்க, அதுவும் ஒரு தகவல்தான்.

நாலாவது, டிபிகேஜி-டிஸ்ட், ஆர்பிஎம்நியூ, பேக்நியூன்னு முடியுற ஃபைல்களைத் தேடி எடுத்து, உங்களுடையதோட ஒப்பிட்டுப் பாருங்க.

அஞ்சாவது, எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் கேப்பிட்டல் டி. பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் வரியில் "நோ" இருக்கான்னு பாருங்க. மத்த நாலையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டாலும் பரவாயில்ல, இதை மட்டும் இன்னிக்கே பார்த்துடுங்க.

இந்த எபிசோட் இவ்வளவுதான். சர்வர் வச்சிருக்கிற நண்பர் யாராவது இருந்தா அவங்களுக்கும் அனுப்புங்க.